பொயிலரை எங்க வைக்கிறது: குசினியோ, லொஃப்டோ, மாடிப்படிக்குக் கீழயோ?

வடக்குவாசல்
லண்டன் ஹரோ பக்கம் 1930களில கட்டின செமி (ஒரு பக்கம் மட்டும் மற்ற வீட்டோட ஒட்டின வீடு) ஒண்டு வாங்கியிருக்கிறம். குசினியில நிலத்தில நிக்கிற பழைய பொயிலர் (காஸில வீட்டையும் தண்ணியையும் சூடாக்கிறது), புகை சிம்னியால போகுது. சுவரில ஒரு காத்துத்துவாரம் இருக்கு. முந்தி இருந்த ஆக்கள் அதுக்குள்ள பழைய துவாயைச் சுருட்டி அடைச்சு, மேல டேப்பும் ஒட்டியிருக்கினம். குளிருக்கு எண்டு நினைக்கிறன்.

சமருக்குள்ள இதைக் கழட்டிப்போட்டு கொம்பி (சிலிண்டர் இல்லாமல் வீட்டையும் சுடுதண்ணியையும் ஒண்டே பாக்கிற பொயிலர்) போடப் போறம். அடுத்த வருசம் பின்பக்கம் எக்ஸ்டென்சன் இழுக்கிற யோசனையும் இருக்கு. வந்து பாத்த ஒருத்தர் கூரைக்கடியில உள்ள லொஃப்டில வைப்பம் எண்டார், மற்றவர் மாடிப்படிக்குக் கீழ உள்ள கப்போட் எண்டார். காத்தோட்டம் இல்லாத இடத்தில காஸ் எரிஞ்சா ஆபத்தில்லையோ எண்டு மனிசி கேக்கிறா. எந்த இடம் நல்லம்? அதுவரைக்கும் இப்ப உள்ளதைப் பாவிக்கலாமோ?

கணக்கன்
குசினியிலயே வையுங்கோ, பைப் எல்லாம் அங்கதான் கிடக்கு. லொஃப்டுக்கு ஏத்தினா கூலி கூட. பழசு இவ்வளவு வருசம் ஓடினது தானே, இன்னும் ஒரு சமர் வரைக்கும் ஓடும்.

நீலச்சுடர்
முதல்ல அந்தத் துவாயை இண்டைக்கே எடுங்கோ. பொயிலரையும் நிப்பாட்டுங்கோ. இரவைக்கு வந்து விளக்கமா எழுதுறன்.

நீலச்சுடர்
> கணக்கன்: இவ்வளவு வருசம் ஓடினது தானே

அண்ணை, துவாய் அடைச்சு எவ்வளவு காலம் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் காஸ் சேஃப் பதிவில (இங்க காஸ் வேலை செய்யிற ஆக்கள் கட்டாயம் இருக்க வேண்டிய பதிவு) உள்ள ஆள், ஹீற்றிங் வேலைதான் தொழில். வடக்குவாசல் வீட்டில நிக்கிறது ஓப்பின் ஃப்ளூ பொயிலர் (ஃப்ளூ எண்டா புகைக்குழாய்). அது எரியத் தேவையான காத்தைக் குசினிக்குள்ள இருந்துதான் எடுக்கும். புகை தன்ர சூட்டில தானா எழும்பிச் சிம்னியால போகும். உள்ள வாற காத்து குறைஞ்சா காஸ் முழுமையா எரியாமல் காபன் மொனொட்சைட் உண்டாகும். அதோட சிம்னியின்ர இழுவையும் விட்டுப்போய், மேல போக வேண்டிய புகை குசினிக்குள்ள திரும்பும். காபன் மொனொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில இது 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். தலையிடிக்கும், சத்தி வாற மாதிரி இருக்கும், உடம்பு அலுக்கும். தடிமன் காய்ச்சல் எண்டு நினைச்சு பனடோல் போட்டுட்டுப் படுப்பினம். வெளிய போனா சுகமாகுது, வீட்டுக்கு வந்தா திரும்பத் தலை இடிக்குது, வீட்டில எல்லாருக்கும் ஒரே நேரத்தில இடிக்குது எண்டா சந்தேகப்படுங்கோ.

துவாரம் எவ்வளவு பெரிசா இருக்க வேணும் எண்டதுக்கு பி.எஸ். 5440 எண்ட பிரிட்டிஷ் தரநிர்ணயத்தில கணக்கிருக்கு. 7 கிலோவாட்டுக்கு மேல வாற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 5 சதுர சென்ரிமீற்றர். 17 கிலோவாட் உள்வாங்கிற பொயிலருக்கு 50 சதுர சென்ரிமீற்றர் வெறும் திறப்பு வேணும், கிரில் சட்டத்தைச் சேர்க்காமல். இழுத்து மூடுற கிரில் கூடாது. பூச்சி வலையும் கூடாது. குசினிச் சுவரில வலை போட்டா எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் சேர்ந்து கெதியில அதைக் களி மாதிரி அடைச்சுப் போடும்.

எங்கட வீடுகளில இன்னொரு சிக்கல் இருக்கு. தாளிக்கிற புகைக்கு எண்டு பலமான எக்ஸ்ட்ராக்ரர் பூட்டியிருப்பினம். துவாரம் அடைச்ச குசினியில அதைப் போட்டா, வெளிய தள்ளுற காத்துக்கு ஈடா எங்கயாவது இருந்து காத்து உள்ள வரத்தான் வேணும். மிச்சமா உள்ள வழி சிம்னி. கருவாட்டுக் குழம்பு மணத்தை வெளிய அனுப்பிப்போட்டு பொயிலர்ப் புகையை உள்ள இழுக்கிறம்.

அதாலதான் நாங்கள் சோதிக்கேக்க கதவு யன்னல் எல்லாம் பூட்டி, எக்ஸ்ட்ராக்ரரை முழு வேகத்தில விட்டு, பொயிலரையும் சூடாக விட்டு, புகைக்குச்சியைக் கொளுத்தி ஃப்ளூ வாய்க்குக் கிட்டப் பிடிக்கிறது. புகை உள்ள இழுபட்டாச் சரி. தயங்கி நிண்டு எங்கட முகத்துக்கு வந்தா அங்கயே பொயிலரை நிப்பாட்டுவம். வடக்குவாசல், இந்தச் சோதனை முடியிற வரைக்கும் அதைப் போடாதேங்கோ. மூடியில கரி படிஞ்சிருக்கோ, சுடர் மஞ்சளா அலையுதோ எண்டும் பாருங்கோ. ஆனா ரண்டும் இல்லை எண்டதுக்காக நல்லா இருக்கு எண்டு முடிவெடுக்க வேண்டாம்.

சுண்டெலி
படிக்கிற காலத்தில குறொய்டனில அறை எடுத்திருந்தன். வீட்டுக்காரர் காத்துத்துவாரத்துக்கு மேல முருகன் படக் கலண்டர் தொங்கவிட்டிருந்தார். ஒருத்தரும் கழட்ட மாட்டினம் தானே.

வடக்குவாசல்
துவாய் எடுத்தாச்சு. பின்னால ஒரு பிடி காய்ஞ்ச இலையும் தூசும் வந்தது. பொயிலரை நிப்பாட்டிப்போட்டு கறன்ட் ஹீற்றரில இருக்கிறம், வெள்ளிக்கிழமை ஆள் வருது. புதுக் கொம்பிக்கும் இப்பிடிச் சுவரில ஓட்டை வேணுமோ?

நீலச்சுடர்
வேண்டாம். இப்ப வீடுகளுக்குப் போடுற கொம்பி எல்லாம் றூம் சீல்ட். ஃப்ளூ குழாய்க்குள்ள குழாய்: வெளிக்குழாயால காத்து வரும், உள்குழாயால புகை போகும். அறைக் காத்துக்கும் சுடருக்கும் தொடர்பில்லை. பாத்றூமில பொயிலர் வைக்கிறதெண்டா றூம் சீல்ட்தான் வைக்கலாம் எண்டு 1998ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதிகள் சொல்லுறதும் அதாலதான். படுக்கையறையில 14 கிலோவாட்டுக்கு மேல எண்டாலும் அதே விதி. கப்போட்டுக்குக் காத்துத்துவாரம் வேணுமோ எண்டது கம்பனி தாற கையேட்டைப் பொறுத்தது. கனக்க மொடல்களுக்கு வேண்டாம்.

ஆனபடியால் உங்கட மனிசியின்ர கேள்வியை வீட்டுக்கு வெளியில நிண்டு கேளுங்கோ: புகை போய் விழுற இடத்தில காத்தோட்டம் இருக்கோ? நான் பாத்த பிழைகளில முக்கால்வாசி அங்கதான்.

ஃப்ளூ வாய்க்கும் திறக்கிற யன்னல், காத்துத்துவாரம் எதுக்கும் இடையில 300 மில்லிமீற்றர் குறைஞ்சது வேணும். நேர் எதிரில சுவர் எண்டா 600. எதிரில இன்னொரு ஃப்ளூ வாய் பாத்துக்கொண்டிருந்தா 1200. நிலத்தில இருந்து 300. கம்பனிக் கையேடு இதைவிடக் கூடக் கேட்டா கையேட்டைத்தான் பாக்க வேணும். கொண்டென்சிங் பொயிலர் (புகையில உள்ள நீராவியைத் தண்ணியாக்கி அந்தச் சூட்டையும் எடுக்கிறது) எண்டதால குளிருக்கு வெள்ளைப் புகை நல்லா வரும். அது பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேர போனா அடுத்த நாளே கதவைத் தட்டுவினம். பிளூம் கிற் எண்டு ஒரு நீட்டுக்குழாய் இருக்கு, அதைப் போட்டுப் புகையை மேல திருப்பலாம்.

இனி உங்கட எக்ஸ்டென்சன் கதை. குசினிப் பின்சுவரால இப்ப ஃப்ளூவை விட்டா, அடுத்த வருசம் அதே சுவர் வீட்டுக்கு உள்சுவர். அப்ப ஃப்ளூ போய் விழுறது உங்கட புது டைனிங் றூமுக்குள்ள. சிரிக்காதேங்கோ, கூரை போட்ட பிறகும் ஃப்ளூ உள்ளுக்க ஊதிக்கொண்டு நிண்ட வீடு கண்டிருக்கிறன், அதுக்குக் கீழ பிள்ளையின்ர கதிரை. அப்பிடிக் கண்டா நாங்கள் “உடனடி ஆபத்து” எண்டு எழுதி, வீட்டுக்காரரின்ர சம்மதம் கேட்டுக் காஸ் இணைப்பைத் துண்டிக்க வேணும்.

ரண்டு வீட்டுக்கும் இடையில உள்ள ஒழுங்கையையும் விடாதேங்கோ. எங்கட சனம் அதுக்கு மேல பிளாஸ்ரிக் ஷீற் போட்டு, ரண்டு பக்கமும் கதவு வைச்சு, மீன் பொரிக்க அடுப்பும் வைச்சிருக்கும். நல்ல யோசனைதான். ஆனா ஃப்ளூ அதுக்குள்ள முடிஞ்சா அது வெளி இல்லை, ஒரு அறை. புகை குசினிக் கதவால திரும்ப வீட்டுக்க வரும்.

கணக்கன்
ஷீற் போட்டா மேல இடைவெளி இருக்கும் தானே? எங்கட வீட்டில ஒரு சாண் விட்டிருக்கு.

நீலச்சுடர்
ஒரு சாண் காணாது அண்ணை. கார் நிப்பாட்டுற கூரைக்குக் கீழ ஃப்ளூ விடுறதெண்டாலே குறைஞ்சது ரண்டு பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேணும். உங்கட ஃப்ளூவை ஷீற்றுக்கு மேலால எடுக்க ஏலுமோ எண்டு ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கோ, அல்லது ஷீற்றைக் கழட்டுங்கோ.

கொத்தமல்லி
நான் ஈஸ்ட் ஹாம்ல வாடகை வீட்டுல இருக்கேன். பாய்லர் எங்க பெட்ரூம் அலமாரிக்குள்ளதான். ஊர்ல இருந்து வந்த மாமியார் அந்த அலமாரி கதகதப்பா இருக்குன்னு பாய்லருக்கு மேல தட்டு வச்சு மோர் மிளகாய் காயப்போட்டுட்டாங்க. நல்லாவே காஞ்சுது, அது வேற விஷயம்.

என் தங்கச்சி பெங்களூர்ல இருக்கா. அங்க குளிர் ஆரம்பிச்சாலே, குளியலறைல கேஸ் கீசர் போட்டு மூச்சுத்திணறி இறந்தாங்கன்னு பேப்பர்ல செய்தி வருது. அதைப் படிச்சதுல இருந்து இந்த அலமாரி பக்கத்துல படுத்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. நீலச்சுடர் சார், இது ரெண்டும் ஒண்ணா?

நீலச்சுடர்
இல்லை அக்கா. பெங்களூர்ச் செய்தியில வாற கீசருக்குப் பல வீடுகளில ஃப்ளூவே இருக்காது. சின்னக் குளியலறை, கதவு பூட்டு, யன்னலும் சாத்து. அது அறைக் காத்தை எடுத்து, புகையையும் அறைக்குள்ளயே விடும். அதைக் குளியலறைக்கு வெளிய, திறந்த இடத்தில பூட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ள கொண்டு போகச் சொல்லுங்கோ தங்கச்சியிட்ட.

உங்கடது கொம்பி எண்டா பெரும்பாலும் றூம் சீல்ட். மூடி சரியாப் பூட்டியிருக்கோ, ஃப்ளூ மூட்டுகள் இறுக்கமோ எண்டு வருசா வருசம் பாக்க வேணும், அது வீட்டுக்காரரின்ர கடமை. காஸ் பாதுகாப்புப் பத்திரத்தின்ர பிரதியைக் கேளுங்கோ. அதோட 2022 ஒக்டோபர் 1 இல இருந்து, இங்கிலாந்தில வாடகை வீட்டில பொயிலர் உள்ள அறையில காபன் மொனொட்சைட் அலாம் வீட்டுக்காரர் போட்டுத் தர வேணும்.

மிளகாய்க்குக் காஸ் விதியில தடை இல்லை. ஆனா ஸ்ப்ரே, பெயின்ற், கற்பூரம், சேலைக்கட்டு ஒண்டும் அந்த அலமாரிக்குள்ள வேண்டாம். பொயிலருக்கு முன்னால மூடியைக் கழட்டி வேலை செய்ய இடம் இருக்க வேணும். நாங்கள் வந்து முதல்ல அரிசி மூட்டை இறக்கிற வீடுகள் கன இருக்கு.

தோட்டக்காரன்
இவ்வளவு தலையிடிக்குப் பேசாமல் தோட்டத்துக் கொட்டிலுக்குள்ள வைச்சா என்ன? வீட்டோட ஒட்டி ஒரு சின்ன அறை கட்டினாக் காணும். உள்ள ஒரு ஆபத்தும் வராது.

நீலச்சுடர்
வைக்கலாம், ஆனா வெளிய எண்ட உடனே பத்திரம் எண்டில்லை. 2006 ஒக்டோபரில கிரேக்கத்தின்ர கோர்ஃபு தீவில விடுமுறைக்குப் போன இங்கிலாந்துப் பிள்ளைகள் ரண்டு பேர் செத்தது ஞாபகம் இருக்கோ? அங்க பொயிலர் இருந்தது தங்கியிருந்த அறைக்குள்ள இல்லை, ஒட்டின சின்ன வெளிக்கட்டடத்தில. ஏசிக் குழாய் போன சுவர் ஓட்டையை ஒழுங்கா அடைக்காததால நஞ்சுக் காத்து அறைக்குள்ள வந்தது. வீட்டோட ஒட்டிக் கட்டினா பொதுச்சுவரில குழாய் போற ஒவ்வொரு ஓட்டையையும் சீமெந்து போட்டு அடைக்க வேணும். பிறகு உறைகுளிர்ப் பிரச்சினை: ஃப்ரொஸ்ட் தேர்மோஸ்ரற் (குளிர் கூடினா பொயிலரைத் தானா ஓட விடுற கருவி), குழாய்க்கெல்லாம் உறை. செலவு கணக்கன் அண்ணைக்குப் பிடிக்காது.

பனிக்காலம்
கனடா மார்க்கம் பக்கம். எங்களுக்கு பேஸ்மென்ட்டில ஃபேர்னஸ், காஸில காத்தைச் சூடாக்கி வீடு முழுக்க அனுப்புற மெசின். புதுசு எண்டா வெள்ளை பி.வி.சி. குழாய் ரண்டு பக்கச்சுவரால வெளிய போகும், காத்து வர ஒண்டு, புகை போக ஒண்டு. பனி கொட்டினா முதல்ல டிரைவ்வேயை விட்டுட்டு அந்த ரண்டு குழாயடியையும் தள்ளித் துப்புரவாக்கிறது எங்கட வழக்கம்.

2008 டிசம்பரில ஒன்ராறியோ வூட்ஸ்ரொக்கில ஒரு குடும்பத்தில நாலு பேரும் போனவை. காஸ் ஃபயர்பிளேசின்ர புகைவழி அடைபட்டுப் போச்சு, வீட்டில அலாமும் இல்லை. அதுக்குப் பிறகுதான் 2013 இல ஹோக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் வந்து வீடுகளுக்கு அலாம் கட்டாயமாச்சு. இஞ்ச எங்கட ஆக்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விடேக்க ஃபேர்னஸைச் சுத்தி நெருக்கிப் பலகை அடிச்சு, அதைக் கட்டில் போடுற அறையாக்கிறது இன்னும் நடக்குது.

வடக்குவாசல்
வெள்ளிக்கிழமை ஆள் வந்து சோதிச்சார். எக்ஸ்ட்ராக்ரர் இல்லாமல் புகை ஒழுங்காப் போகுது, எக்ஸ்ட்ராக்ரரைப் போட்ட உடனே புகை உள்ள திரும்புது. இனிப் பாவிக்க வேண்டாம் எண்டு எழுதி ஒட்டிப்போட்டார். அப்ப சமர் வரைக்கும் காத்திருக்க ஏலாது, இப்பவே மாத்திறம்.

மேல்மாடி லாண்டிங்கில பழைய சுடுதண்ணி சிலிண்டர் நிக்கிற கப்போட் இருக்கு. பின்னால பாத்றூம், பக்கச் சுவர் வெளிச்சுவர். அந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறியள்?

நீலச்சுடர்
நீங்கள் சொன்னதில இதுதான் திறம். கொம்பிக்குச் சிலிண்டர் தேவையில்லை, அது போனா இடம் தானா வரும். ஃப்ளூ மேல்மாடிப் பக்கச் சுவரால போகும். பின்னால நீங்கள் எவ்வளவு கட்டினாலும் அதுக்கு இடைஞ்சல் இல்லை, ஒழுங்கைக்கு ஷீற் போட்டாலும் ஷீற் கீழதான். பாத்றூம் யன்னல் எவ்வளவு தள்ளி எண்டு மட்டும் அளந்து பாருங்கோ.

இன்னொரு லாபம், கொண்டென்சேற் தண்ணி. இந்தப் பொயிலர் ஓடேக்க கொஞ்சம் கொஞ்சமா புளிச்ச தண்ணி விடும், அதுக்கு ஒரு சின்னக் குழாய். வெளிச்சுவரால கொண்டு போனா 32 மில்லிமீற்றர் குழாய் போட்டு, உறை சுத்தி, நல்ல சரிவும் விட வேணும். 2010 டிசம்பர்க் குளிரில நாடு முழுக்கப் பொயிலர் நிண்டதுக்கு இந்தக் குழாய் உறைஞ்சதுதான் பெரிய காரணம். குழாய் ஐஸ் பிடிச்சா தண்ணி திரும்பிப் பொயிலருக்குள்ள வந்து களக் களக் எண்டு சத்தம் போட்டு நிக்கும். உங்கட கப்போட்டில இருந்து பாத்றூம் கழிவுக் குழாய்க்கு உள்ளாலயே சேர்க்கலாம். உறையிற கதையே இல்லை.

மாடிப்படிக்குக் கீழ வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். விதிப்படி ஏலாது எண்டில்லை. ஆனா அங்க இருந்து வெளிச்சுவருக்குப் போக ஃப்ளூ நிலத்துக்கும் சீலிங்குக்கும் இடையால ஓட வேணும். அப்ப மூட்டுகளைப் பாக்கிறதுக்கு 300க்கு 300 மில்லிமீற்றர் பலகைக் கதவுகள் விட வேணும். அதோட நெருப்புப் பிடிச்சா நீங்கள் இறங்கி ஓடுற வழி அந்தப் படிதான். லொஃப்ட் பரவாயில்லை, ஆனா ஏணி, நிலப் பலகை, நிரந்தர லைற், வாசலைச் சுத்திக் கைபிடி எல்லாம் போட்டுத்தான் வைக்க வேணும். பலகை போடாத லொஃப்டில வளை மேல கால் வைச்சு சேர்விஸ் செய்ய நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்.

கணக்கன்
மேல்மாடிக்குக் காஸ் குழாய் புதுசா இழுக்க வேணுமே, அந்தச் செலவு? எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் காசாக் குடுத்தா பாதி விலைக்குச் செய்வான். நல்ல கைவேலை.

நீலச்சுடர்
குழாய் இழுக்கத்தான் வேணும். மீற்றரில இருந்து பொயிலருக்குப் போகேக்க அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல இறங்கக் கூடாது. தூரம் கூடினா 22 மில்லிமீற்றர், சில வீட்டுக்கு 28. 15 மில்லிமீற்றர்ப் பழைய குழாயில கொழுவி விட்டா பொயிலர் எரியும், குளிரடியில மட்டும் திணறும்.

உங்கட பெடியன்ர கையில காஸ் சேஃப் அட்டை இருக்கோ எண்டு கேளுங்கோ. 2009 ஏப்ரல் 1 இல கோர்கி எண்ட பழைய பதிவு போய் இதுதான் வந்தது. அட்டைக்குப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. எந்த எந்த வேலைக்கு அனுமதி எண்டு அங்கதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் அனுமதி வைச்சுக்கொண்டு பொயிலர் பூட்டுற ஆக்களும் இருக்கினம். பதிவில்லாத ஆள் செய்தா கவுன்சிலுக்கு அறிவிக்கிற கட்டடப் பத்திரம் வராது. வீடு விக்கேக்க வாங்கிறவையின்ர லோயர் கேக்கிற முதல் தாள்களில அதுவும் ஒண்டு.

சுண்டெலி
கணக்கன் அண்ணை, பெடியனுக்கு மிச்சம் பிடிச்ச காசில முருகன் கலண்டர் ஒண்டு வாங்குங்கோ.

வடக்குவாசல்
மனிசிக்கும் லாண்டிங் கப்போட் பிடிச்சிருக்கு. யன்னல் விளிம்பில இருந்து ஃப்ளூ வர வேண்டிய இடம் அரை மீற்றருக்கு மேல தள்ளி. அலாம் எங்க வைக்கிறது, கப்போட்டுக்கு உள்ளயோ?

நீலச்சுடர்
கப்போட்டுக்கு வெளிய, லாண்டிங் சீலிங்கில. சுவரில இருந்து 300 மில்லிமீற்றர் தள்ளி, பொயிலரில இருந்து 1 முதல் 3 மீற்றருக்குள்ள. பெட்டியில இ.என். 50291 எண்டு அலாம் தரநிர்ணய இலக்கம் போட்டிருக்கிறதா வாங்குங்கோ. காத்தில காபன் மொனொட்சைட் பத்து லட்சத்தில 50 பங்கு எண்ட அளவில அலாம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பாத்திட்டுத்தான் அடிக்கும், 300 பங்கு எண்டா மூண்டு நிமிசத்துக்குள்ள அடிக்கும். அடிச்சா யன்னலைத் திறந்து, காஸை நிப்பாட்டி, எல்லாரும் வெளிய வந்து நிண்டு காஸ் அவசர இலக்கம் 0800 111 999க்கு அடியுங்கோ. பழைய குசினித் துவாரத்தை பொயிலர் கழட்டின பிறகு அடைக்கலாம், ஆனா வேற ஓப்பின் ஃப்ளூ காஸ் ஃபயர் ஒண்டும் வீட்டில இல்லை எண்டு பாத்துப்போட்டு.

கொத்தமல்லி
வீட்டு ஓனர்கிட்ட பத்திரம் கேட்டேன். வாட்ஸாப்ல போட்டோ அனுப்பினார், தேதி பார்த்தா போன வருஷம் மார்ச். திரும்பக் கேட்டா “பாய்லர் நல்லாத்தானே ஓடுது” என்கிறார். அலாரம் நானே வாங்கி மாட்டிட்டேன். இனி யார்கிட்ட போறது?

நீலச்சுடர்
அலாம் காசையும் அவரிட்டக் கேளுங்கோ. சோதனை 12 மாசத்துக்கு ஒருக்கா செய்ய வேணும், செய்த பிறகு 28 நாளுக்குள்ள உங்களுக்குப் பிரதி தர வேணும், அது சட்டம். திகதி போட்டு ஈமெயிலில எழுதிக் கேளுங்கோ, வாட்ஸாப் வேண்டாம். பதில் இல்லையெண்டா உங்கட கவுன்சிலின்ர வாடகை வீட்டுப் பிரிவு, அல்லது ஹெல்த் அன்ட் சேஃப்டி எக்செக்கியூட்டிவ் எண்ட அரச பாதுகாப்பு அமைப்பு. ரண்டு இடத்திலயும் அந்தப் பழைய பத்திரத்தின்ர போட்டோவையே இணைச்சு அனுப்பலாம்.